தனியதிகாரம்: அரசரிடம் தொடங்கி அமைச்சரிடம் வந்து நிற்கும் ஓர் அதிகாரம்

கிரிக்கெட்டில் டாஸ் வென்ற அணித்தலைவர் மட்டை பிடிப்பதா, பந்து வீசுவதா என்று தானே முடிவு செய்கிறார். எதிரணியைக் கேட்க வேண்டியதில்லை. நடுவரிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முடிவு சொதப்பிவிட்டால் எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் அந்த முடிவு செல்லாது என்று யாரும் மாற்றிவிட முடியாது. அதே சமயம், டாஸ் வென்றுவிட்டேன் என்பதற்காகப் பன்னிரண்டு பேரோடு ஆடுகிறேன் என்று அவர் கிளம்பவும் முடியாது.

ஆங்கிலத்தில் பிரிராகேட்டிவ் என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான். குறிப்பிட்ட ஒரு பதவியில் இருப்பவருக்கு மட்டும் உரியது. இன்னொருவர் சம்மதம் தேவைப்படாதது. ஆனால் எல்லைக்கு உட்பட்டது. தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்குகின்றன. இங்கே தனியதிகாரம் என்றே வைத்துக்கொள்வோம்.

அமைச்சரவையில் யாருக்கு இடம் என்று நிருபர்கள் கேட்டால், "அது பிரதமரின் தனிப்பட்ட அதிகாரம்" என்று கட்சிக்காரர்கள் நழுவுவதை அடிக்கடி கேட்டிருப்போம். அன்றாடப் பேச்சில் அந்தப் பொருள் போதும். சட்டத்தில் இது இன்னும் இறுக்கமான ஒன்று.

அரசாங்கம் செய்கிற பெரும்பாலான வேலைகளுக்குப் பின்னால் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய ஏதாவது ஒரு சட்டம் இருக்கும். வரி கேட்கிற அதிகாரியிடமும், உரிமத்தை ரத்து செய்கிற அலுவலரிடமும், நிலத்தைக் கையகப்படுத்துகிறவரிடமும் "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" என்று கேட்கலாம். மரபான தனியதிகாரத்துக்கு அப்படிக் காட்டப் பிரிவே கிடையாது. யாரும் சட்டம் போட்டுக் கொடுக்காமல் பழங்காலத்திலிருந்தே அரசரிடம் இருந்து, இன்றுவரை யாரும் முழுதாகப் பறிக்காமல் விட்ட அதிகாரம் அது. டைசி என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1885-இல் தந்த வரையறை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: முடியரசின் கையில் சட்டப்படி விடப்பட்டிருக்கும், தன் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய அதிகாரத்தின் மீதி. மீதி என்றால் ஒரு காலத்தில் நிறைய இருந்து பிறகு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அது எப்படிக் குறைந்தது என்று பார்த்தால்தான் இன்றைய நிலை புரியும்.

மாவும் கப்பல் வரியும்

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குத் தன் அதிகாரம் கடவுள் கொடுத்தது என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. வழக்குகளைத் தானே நேரில் தீர்ப்பேன் என்றும் விரும்பினார். 1607-இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக், அது முடியாது என்றார்; மன்னருக்கு எவ்வளவு அறிவு இருந்தாலும், சட்டம் என்பது நெடுங்காலம் படித்துப் பழகி வர வேண்டிய துறை என்பது அவர் வாதம். மன்னர் கடும் கோபம் கொண்டதாகச் சொல்வார்கள். கோபம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்த மோதல் கேட்கவே சின்ன விஷயம்போல இருக்கும். லண்டனில் புதிய கட்டடங்கள் எழுப்பக் கூடாது, கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை மாவு எடுக்கக் கூடாது என்று மன்னர் பிரகடனம் வெளியிட்டிருந்தார். வெறும் அறிவிப்பு மூலம், இதுவரை குற்றமாக இல்லாத ஒன்றை மன்னர் குற்றமாக்க முடியுமா? 1611-ஆம் ஆண்டின் பிரகடனங்கள் வழக்கு என்று அறியப்படும் இதில், முடியாது என்று கோக்கும் உடனிருந்த நீதிபதிகளும் கருத்துச் சொன்னார்கள். நாட்டின் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதைத் தவிர மன்னருக்கு வேறு தனியதிகாரம் இல்லை என்ற வாசகம் அப்போது பிறந்தது. கட்டடமும் மாவும் போய்விட்டன. அந்த வாசகம் 400 ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றத் தீர்ப்புகளில் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் போகவில்லை. ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் 1629-லிருந்து 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். பணம் வேண்டுமே? போர்க்காலத்தில் கடலோர ஊர்களிடம் கப்பலுக்காக வசூலிக்கும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. அதைச் சமாதான காலத்தில், கடலையே பார்த்திராத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தார். நாட்டுக்கு ஆபத்து இருக்கிறதா என்று முடிவு செய்வது மன்னரின் தனியதிகாரம். ஆபத்து என்று அவர் சொல்லிவிட்டால் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது அரசுத் தரப்பு. ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் தன் நிலம் ஒன்றுக்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்தார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் எதிர்ப்பக்கம். மன்னர் வென்றார். ஆனால் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் கிடைத்த வெற்றி, தோல்வியைவிட மோசமாகிப் போனது. மற்றவர்களும் கட்டத் தயங்கினார்கள். 1641-இல் நாடாளுமன்றம் அந்த வரியையே சட்டவிரோதம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர். 1649 ஜனவரியில் மன்னரின் தலை வெட்டப்பட்டது. கப்பல் வரி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மதமும் இருந்தது, ஸ்காட்லாந்தும் இருந்தது. இருந்தாலும், தனியதிகாரத்தின் எல்லை எது என்ற சட்டக் கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்காமல் போர்க்களத்துக்குப் போன சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

பின்னர் வந்த இரண்டாம் ஜேம்ஸ், தனக்குப் பிடிக்காத சட்டங்களை நிறுத்திவைக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றார். 1688-இல் அவர் நாட்டைவிட்டே ஓட வேண்டி வந்தது. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் இரண்டு கதவுகளை இறுக்கிச் சாத்தியது: நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் மன்னர் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, தனியதிகாரத்தின் பெயரால் வரி வசூலிக்கக் கூடாது.

இன்றைக்கு அதில் என்ன இருக்கிறது

இவ்வளவுக்கும் பிறகு பிரிட்டனில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்வது, படைகளை அனுப்புவது, பிரதமரை நியமிப்பது, பட்டங்கள் வழங்குவது, குற்றவாளிக்கு மன்னிப்புக் கொடுப்பது எல்லாம் இன்றும் இந்த வகையில்தான் வருகின்றன. அந்நாட்டுப் பாஸ்போர்ட்கூட எந்தச் சட்டப் பிரிவின் கீழும் வழங்கப்படுவதில்லை. தனியதிகாரத்தின் கீழ்தான் வழங்கப்படுகிறது. எல்லாப் பாஸ்போர்ட்டும் மன்னர் பெயரில் வருவதால், மன்னருக்கு மட்டும் பாஸ்போர்ட் கிடையாது.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். பெயர் மன்னருடையது, முடிவு மன்னருடையது கிடையாது. அமைச்சர்கள் ஆலோசனை சொல்கிறார்கள், மன்னர் அதன்படி கையெழுத்திடுகிறார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி அரசி ஆன். அது 1708-இல், அதுவும் அமைச்சர்கள் சொல்லித்தான். ஆக, அரசரின் அதிகாரத்தைக் குறைத்தோம் என்று பெருமைப்படுகிற இடத்தில், உண்மையில் அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அரசரிடமிருந்து நகர்ந்து பிரதமரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் பார்வையில் தனியதிகாரம் பற்றிய இன்றைய சண்டைகள் எல்லாமே இந்த இடமாற்றத்திலிருந்து வருகின்றன. மன்னர் என்றால் எல்லாருக்கும் சந்தேகம் வரும். தேர்தலில் வென்ற பிரதமர் அதே அதிகாரத்தை எடுத்தால், மக்கள் ஆணை இருக்கிறதே என்ற வாதம் துணைக்கு வந்துவிடுகிறது.

இந்த மீதியையும் நாடாளுமன்றம் நினைத்தால் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். உடன்படிக்கைகளை உறுதி செய்யும் முன் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் தனியதிகாரம் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போயே போய்விட்டது. அப்புறம் 2022-இல் இன்னொரு சட்டம் போட்டு அதைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள். அதோடு நிற்காமல், கலைப்பு பற்றி நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். எதனால் அந்தப் பயம் என்பது கீழே வருகிற 2019 வழக்கைப் பார்த்தால் தெரியும்.

நீதிபதிகள் உள்ளே வந்தது

நெடுங்காலம் நீதிமன்றங்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டன: இப்படி ஒரு தனியதிகாரம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை எப்படிப் பயன்படுத்தினாய் என்று கேட்பதில்லை.

முதல் கேள்விக்குள்ளேயே முக்கியமான ஒரு விதி 1920-இல் உருவானது. முதல் உலகப் போரின்போது லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த டி கைசர் விடுதியை விமானப் படையின் தலைமையகத்துக்காக அரசு எடுத்துக்கொண்டது. இழப்பீடு கேட்டபோது, போர்க்காலத்தில் சொத்தை எடுப்பது முடியரசின் தனியதிகாரம், பணம் தர வேண்டிய கடமை இல்லை என்றது அரசு. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. இழப்பீடு கொடுத்துச் சொத்தை எடுக்க 1842-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கும்போது, அதைத் தாண்டிப் பழைய அதிகாரத்தைக் கையில் எடுக்க முடியாது. சட்டம் நுழைந்த இடத்தில் தனியதிகாரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றது தீர்ப்பு. புதிய தனியதிகாரங்களை உண்டாக்கவும் வழியில்லை. 1960-களில் வரி விலக்குக் கோரி பிபிசி அப்படி ஒரு தனியதிகாரத்தைக் காட்ட முயன்றபோது, அதை விரிவாக்க 350 ஆண்டுகளும் ஓர் உள்நாட்டுப் போரும் தாமதமாகிவிட்டது என்றார் நீதிபதி டிப்லாக். சட்டத் தீர்ப்புகளில் சிரிப்பு வருவது அபூர்வம். இந்த வாசகம் விதிவிலக்கு.

இரண்டாவது கேள்வி, அதாவது எப்படிப் பயன்படுத்தினாய் என்பது, 1984-இல் வந்தது. உளவுத் தகவல் தொடர்பு மையமான ஜிசிஎச்க்யூ ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் இருக்கக் கூடாது என்று மார்கரெட் தாட்சர் அரசு உத்தரவிட்டது. சங்கங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரம் தனியதிகாரத்திலிருந்து வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது நீதிமன்றப் பரிசீலனைக்கு அப்பாற்பட்டது ஆகாது என்று பிரபுக்கள் சபை சொன்னது. பெரிய திருப்பம். ஆனால் தேசப் பாதுகாப்பு என்று அரசு சொன்னதை ஏற்று, அந்த வழக்கில் அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. கொள்கை வென்றது, ஊழியர்கள் தோற்றார்கள்.

சரி, 2019-க்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கெடு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு முடித்துவைக்குமாறு பிரதமர் போரிஸ் ஜான்சன் அரசிக்கு ஆலோசனை சொன்னார். வழக்கமாக இது சில நாட்களுக்கு மட்டுமே நடக்கும் சடங்கு. உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். நியாயமான காரணம் இல்லாமல் நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் அளவுக்கு இந்த அதிகாரம் நீளாது என்பது தீர்ப்பின் சாரம். கூட்டத்தொடரை முடித்துவைக்க வந்தவர்கள் வெற்றுத் தாளைக் கையில் கொண்டு வந்ததற்குச் சமம் என்றும் சொன்னார்கள். அதாவது கூட்டத்தொடர் முடியவே இல்லை. மறுநாளே உறுப்பினர்கள் அவைக்குத் திரும்பினார்கள். நீதிபதிகள் அரசியலுக்குள் காலை வைத்துவிட்டார்கள் என்று அப்போது எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 2022 சட்டத்தில் நீதிமன்றத்துக்குக் கதவடைத்ததில் அந்தக் கோபத்தின் பங்கு உண்டு.

எதிர்த்திசையில் திரும்பிய ஆயுதம்

தனியதிகாரம் என்றாலே குடிமக்களுக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். ஆட்கொணர்வு மனு பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஒருவரைக் காவலில் வைத்திருப்பவர் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, என்ன சட்டப்படி பிடித்துவைத்திருக்கிறார் என்று பதில் சொல்ல வைக்கும் ஆணை அது. இதுவும் இதன் கூடப்பிறந்த மற்ற நீதிப்பேராணைகளும் தனியதிகாரப் பேராணைகள் என்றே அழைக்கப்பட்டன. என் குடிமகனை ஏன் பிடித்துவைத்திருக்கிறாய், என் அலுவலர் ஏன் கடமையைச் செய்யவில்லை என்று கேட்க மன்னருக்கு இருந்த அதிகாரத்திலிருந்து வந்தவை அவை. காலப்போக்கில், மன்னர் பெயரால் ஆளும் அரசையே கூண்டில் நிறுத்த மக்கள் பயன்படுத்தும் கருவியாகிவிட்டன. இந்தியாவில் அரசமைப்பின் 32-ஆவது பிரிவும் 226-ஆவது பிரிவும் இந்தப் பேராணைகளை உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் எழுத்திலேயே கொடுத்தன. 32-ஐ அரசமைப்பின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னதும் இதற்காகத்தான்.

மன்னர் இல்லாத நாடுகளில்

குடியரசுகளில் மீதி என்ற பேச்சுக்கு இடமில்லை. எல்லாம் எழுதப்பட்ட அரசமைப்பிலிருந்து வர வேண்டும். ஆனாலும் பழைய வாசனை வீசும் ஓர் அதிகாரம் உண்டு, அது மன்னிப்பு.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கு அதிபர் மன்னிப்பு வழங்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 1974 செப்டம்பர் 8 அன்று ஜெரால்டு ஃபோர்டு, ஒரு மாதம் முன்பு பதவி விலகியிருந்த நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். நிக்சன் மீது அப்போது குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகவில்லை. எந்த நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 1976 தேர்தலில் ஃபோர்டு தோற்றார். அதற்கு இந்த மன்னிப்பும் ஒரு காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

இந்தியா வேறு பாதையில் போனது. 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு அதிகாரங்களைத் தருகின்றன. படிக்கும்போது தனிமனிதர் ஒருவரின் கருணைபோலத் தெரியும். ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2006-இல், ஆந்திர ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பு ஒன்றை ரத்தே செய்தது. கைதி எந்தக் கட்சிக்காரர் என்பதெல்லாம் கோப்பில் இடம்பெற்றிருந்தது. சம்பந்தமில்லாத காரணங்களை வைத்துக் கருணை காட்ட முடியாது என்றது நீதிமன்றம். 2014-இல் இன்னொரு பக்கம் திரும்பியது: கருணை மனுக்களை ஆண்டுக்கணக்கில் முடிவு செய்யாமல் கிடப்பில் போட்டதே அநீதி என்று 15 பேரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

பேரறிவாளன் வழக்கு இதன் அடுத்த கட்டம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முடிவெடுக்காமல் இருந்த ஆளுநர், பிறகு அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 161-இன் கீழ் மாநில அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2022 மே 18 அன்று, முழு நீதி கிடைக்கத் தேவையான ஆணையிட அதற்கு இடம் தரும் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தித் தானே பேரறிவாளனை விடுவித்தது. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒருவகைத் தனியதிகாரம் என்ற எண்ணத்துக்கு இதில் பெரிய அடி விழுந்தது.

இலங்கையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2018 நவம்பர் 9 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். பதவிக்காலத்தில் நாலரை ஆண்டுகள் முடியும் முன் கலைக்க வேண்டுமானால் நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கேட்டிருக்க வேண்டும் என்று 19-ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. டிசம்பர் 13 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கலைப்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

எழுதப்படாத மிச்சம்

நீதிமன்றம் எட்டாத இடங்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11 அன்று, கீழவையில் பெரும்பான்மை இருந்த பிரதமர் கஃப் விட்லமை, அங்கே பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாக இருந்த தலைமை ஆளுநர் ஜான் கெர் பதவி நீக்கினார். மேலவை பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்ததால் அரசிடம் பணம் தீரும் நிலை. இப்படிப்பட்ட நெருக்கடியில் அமைச்சர்களின் ஆலோசனை இல்லாமலே தலைமை ஆளுநர் செயல்படலாம்; நெருக்கடிக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட அதிகாரம் என்பது அதுதான் என்றது கெர் தரப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை நியமனத்தில் வந்தவர் வீட்டுக்கு அனுப்புவதா என்றது மறுதரப்பு. டிசம்பரில் நடந்த தேர்தலில் விட்லம் படுதோல்வி அடைந்தார். அதனால் கெர் செய்தது சரி என்று ஆகிவிடுமா? ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாக்காளர்கள் தீர்ப்புச் சொன்னது விட்லமின் ஆட்சியைப் பற்றி. கெரின் அதிகாரத்தைப் பற்றி அவர்களை யாரும் கேட்கவில்லை.

போர் விஷயமும் இன்னும் முடிவுக்கு வராதது. பிரிட்டனில் படைகளை அனுப்ப நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2003-இல் இராக் போருக்கு முன் மக்கள் அவையில் வாக்கெடுப்பு நடந்தது. 2013-இல் சிரியா மீதான தாக்குதலுக்கு அவை சம்மதிக்கவில்லை, டேவிட் கேமரன் பின்வாங்கினார். முதலில் அவையைக் கேட்பது இனி மரபு என்று அப்போது பலர் எழுதினார்கள். 2018 ஏப்ரலில் தெரசா மே வாக்கெடுப்பு இல்லாமலே சிரியா மீது விமானத் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். அவைக்கு விளக்கம் சொன்னது தாக்குதல் முடிந்த பிறகுதான்.